பெரியம்மாவின் அளவு நோட்டு: கொடுத்தே வாழ்ந்த ஒருவரைப் பற்றி நினைவு நூல் தொகுப்பது எப்படி

பெரியம்மா போய் ஒன்றரை மாதம் ஆனபோது, அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுவது என்று வீட்டில் முடிவானது. அதை நான்தான் செய்ய வேண்டும் என்பதும் கூடவே முடிவானது. நான் பிழைதிருத்துபவள். இருபது வருடமாக அடுத்தவர் எழுதியதில் ஒற்றுப் போடுவதும் ஒற்று எடுப்பதும்தான் பிழைப்பு. "உனக்குத்தான் எழுத்து வேலை தெரியுமே" என்றார்கள். பிழைதிருத்துவதும் எழுதுவதும் ஒன்றல்ல என்று விளக்க அது நேரமில்லை.

"பெரியம்மாவைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்புங்கள்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. ஒரு வாரத்தில் 31 பேரிடமிருந்து வந்தது. "தங்கமான மனசு" ஒன்பது இடத்தில். "அன்பே உருவானவர்" ஏழு இடத்தில். "வாரி வாரிக் கொடுத்தவர்" கிட்டத்தட்ட எல்லாவற்றிலும். யாருக்கு, எதை, எப்போது கொடுத்தார் என்று ஒருவர்கூட எழுதவில்லை. பெயரை மாற்றினால் அந்த 31 தாளையும் உலகத்தில் எந்த நல்ல பெண்மணிக்கும் பயன்படுத்தலாம்.

பிறகுதான் உறைத்தது. தாராளமாகக் கொடுக்கிறவர்களின் வாழ்க்கையைத் தொகுப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கொடுத்தவர் கணக்கு வைப்பதில்லை, வாங்கியவர் வெளியே சொல்வதில்லை. ஆகவே தடயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எட்டு மாதம் எனக்கு ஆனது. நீங்கள் குறைந்த நாளில் முடிக்க, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வாரமே செய்ய வேண்டியவை

எழுதுவதற்கு அவசரமில்லை. அழிந்துபோகக்கூடியவற்றைக் காப்பாற்றுவதற்குத்தான் அவசரம்.

அவருடைய கைபேசியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ரீசெட் செய்ய விடாதீர்கள், சிம்மை ரத்து செய்யாதீர்கள். எந்தக் கணக்கைத் திறக்க வேண்டுமானாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் நின்றால் சில மாதங்களில் அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். வாட்ஸ்அப்பில் 120 நாள் யாரும் உள்ளே வராவிட்டால் கணக்கு பொதுவாக நீக்கப்படும். கூகுளும் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு வருடம் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. புகைப்படங்களும் அதோடு போகும். இதையெல்லாம் பிள்ளைகளின் சம்மதத்தோடு செய்யுங்கள். எல்லாவற்றையும் படிக்க உட்காராதீர்கள். நான் குரல் செய்திகளையும் படங்களையும் மட்டும் எடுத்தேன். அடுத்தவர் அவருக்கு எழுதியதைத் திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

குரல் செய்திகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா என் அம்மாவுக்கு அனுப்பியவை 212. பாதியில், பேசி முடித்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் தையல் மெஷின் ஓடும் சத்தம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தப் பாதிதான் வேண்டுமாம்.

பழைய ஒலிநாடா இருந்தால், அதைப் போட்டுக் கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை. கேசட்டில் நாடா தெரியும் விளிம்புக்கு எதிர் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்த முயன்றாலும் அது இறங்காது. எங்கள் வீட்டில் பெரியம்மாவின் தாலாட்டு இருந்த கேசட்டில் இன்று இருப்பது ஒரு கிரிக்கெட் வர்ணனை. யார் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

புகைப்படங்களில், ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய பழைய ஆல்பங்கள்தான் ஆபத்து. அந்தப் பசை வருடக்கணக்கில் படத்தைத் தின்னும். படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் பக்கத்தை அப்படியே, எந்தப் படம் எதன் பக்கத்தில் என்பது தெரிய, படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு ரம்பம்போல் மெதுவாக அறுத்தால் பல படங்கள் சேதமில்லாமல் வரும். வராததை விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனரில் 600 டிபிஐ வையுங்கள். உள்ளங்கை அளவுப் படத்தைப் பிறகு பெரிதாக்க அது தேவைப்படும். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் பெயர் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சில் மட்டும். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை தடம் பதிக்கும்.

கேட்கும் விதம்

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்படி" என்று கேட்டால் பண்புச்சொல்தான் வரும். தங்கமான, அன்பான, பொறுமையான. நான் வைத்துக்கொண்ட கேள்விகள் வேறு:

"கடைசியா அவங்க கையால என்ன வாங்கினீங்க?"
"அவங்க உங்க மேல கோவப்பட்டது உண்டா?"
"அவங்க வீட்டுக்குள்ள போனா முதல்ல என்ன சத்தம் கேக்கும்?"
"அவங்ககிட்ட நீங்க சொன்ன பொய் ஏதாவது?"

நாலாவது கேள்வியைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் புத்தகத்தின் நல்ல பாதி அதிலிருந்துதான் வந்தது. பணம் கட்டிவிட்டதாக, பசியில்லை என்பதாக, படிப்பை விட்டது தன் விருப்பம் என்பதாக மனிதர்கள் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அவர் எந்தப் பொய்யைக் கண்டுபிடித்தார், கண்டுபிடித்தும் எதைக் காட்டிக்கொள்ளவில்லை என்பதில் அவர் முழு உருவமும் தெரிகிறது.

ஒருவர் பேசி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஏழு, எட்டில் அவர்களே "இன்னொண்ணு ஞாபகம் வருது" என்பார்கள். அந்த இன்னொன்றுக்காகத்தான் நீங்கள் போயிருக்கிறீர்கள்.

யாரைக் கேட்பது? நெருங்கிய சொந்தத்தைக் கடைசியில் வையுங்கள். அவர்களிடம் கதை ஏற்கெனவே வழவழப்பாகியிருக்கும். வயதானவர்களுக்குத் தங்கள் பத்து வயது முதல் முப்பது வயதுவரை நடந்தவைதான் மற்றவற்றைவிடத் துலக்கமாக நினைவிருக்கும் என்று உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால், அவர் இளமையில் கூட இருந்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் முதலில் ஓடுங்கள். நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டதில் ஒருவரை இழந்தேன்.

கூட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். கேம்பிரிட்ஜின் உளவியலாளர் பார்ட்லெட், 1932ல் வெளியான தன் நூலில் சொல்லும் ஒரு சோதனையில், தன் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு செவ்விந்தியக் கதையைப் படிக்கக் கொடுத்து, நாள் இடைவெளி விட்டு நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கதை அவர்களுக்குப் பழக்கமான கதைபோல மாறிக்கொண்டே போனது. குடும்பக் கூடத்தில் இதைக் கண்முன் பார்க்கலாம். ஒரு மாமா ஆரம்பிப்பார், ஒரு சித்தி திருத்துவார், கடைசியில் எல்லோருக்கும் ஒரே நினைவு, யாருடையதும் அல்லாத நினைவு. தனித்தனியாகக் கேட்டால் பெரியம்மாவின் மெஷின் ஒருவருக்குக் கறுப்பு, ஒருவருக்குப் பச்சை. இரண்டையும் எழுதிக்கொண்டேன். பிறகு தெரிந்தது, இரண்டு மெஷின் இருந்திருக்கிறது. ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

பதிவு செய்யக் கைபேசியே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், மேசையில் ஒரு துண்டை மடித்து அதன்மேல் போனை வையுங்கள். மேசை தட்டும் சத்தம் பதிவாகாது. டபிள்யூஏவி என்ற, ஒலியைச் சுருக்காத கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்தால் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி. ஒரு நாளைக்கு ஒருவர், நாற்பது நிமிடம். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் களைப்பு. எழுத்தாக்குவதற்குத்தான் நேரம் வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு நாலு மணி நேரம் போனது, அதுவும் தினம் டைப் செய்கிற எனக்கு.

பொருள்களைக் கேளுங்கள்

மனிதர்கள் சொல்லாததைப் பொருள்கள் சொல்லும். அலமாரியைக் காலி செய்வதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் படம் எடுங்கள். எதை எங்கே வைத்திருந்தார் என்பதே ஒரு செய்தி. பெரியம்மா வீட்டில் வாசல் பக்கம் நாலு குடை இருந்தது, அவர் ஒருத்திதான் வசித்தார். மழையில் வந்து மாட்டுகிறவர்களுக்காம்.

அவர் தையல்காரர். முப்பத்தாறு வருடம் பள்ளிச் சீருடை தைத்தார். ஆறு அளவு நோட்டுகள் கிடைத்தன. பெயர், இடுப்பு, தோள், நீளம். சில பெயர்களுக்கு முன்னால் மட்டும் ஒரு புள்ளி. ஆறு நோட்டிலும் சேர்த்து 43 புள்ளி. பாக்கி வைத்தவர்கள் என்று நானாக முடிவு கட்டி, அப்படியே ஒரு பத்தியும் எழுதிவிட்டேன். அவரிடம் பதினாலு வருடம் பட்டன், காஜா வேலை பார்த்த ஒரு அம்மாவிடம் காட்டினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது பாக்கி இல்ல கண்ணு. இவங்ககிட்ட காசு கேக்கக் கூடாதுன்னு எனக்கு அடையாளம். அக்கா இல்லாத நேரத்துல வந்து துணி வாங்கினா, நான் வாய் தவறிக் கேட்டுடுவேன்ல?"

வாங்க வந்த பிள்ளைகளிடம் "ஒங்க அம்மா அப்பவே குடுத்துட்டாங்க" என்று சொல்ல வேண்டுமாம். அந்தப் பத்தியைக் கிழித்துப் போட்டேன். ஒரு பொருளுக்கு நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். அதோடு பழகிய கையைத் தேடிக் கண்டுபிடித்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் அந்த அம்மாதான் சொன்னார். புள்ளி வைத்த பிள்ளைகளின் ஸ்கர்ட்டில் மட்டும் உள்மடிப்பு மூன்று அங்குலம், அதுவும் பெரிய பெரிய தையலாக, சுலபமாகப் பிரிக்க. பிள்ளை வளர வளர வருடத்துக்கு ஒரு அங்குலம் இறக்கிக்கொள்ளலாம். பிரித்த இடத்தில் சாயம் போகாத கோடு ஒன்று தெரியும். அந்தக் கோடு யாராலும் கேலி செய்யப்படக் கூடாது என்று, அதே நிறத்தில் ஒரு நாடாவையும் முன்கூட்டியே உள்ளே வைத்து மடித்துவிடுவாராம்.

எதை எழுதக் கூடாது

அந்த 43 பேரில் சிலரை எனக்குத் தெரியும். ஒருவர் இன்று பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார். இன்னொருவருக்குத் தன் அம்மா பணம் கொடுத்துத்தான் தைத்தார் என்பது நிச்சயம். அந்த அம்மா இப்போது இல்லை. தொகுப்பாளருக்கு இங்கேதான் கை அரிக்கும். இதைவிட நல்ல கதை கிடைக்காது.

எழுதவில்லை. பெரியம்மா அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை, அவர் புகழ் பாடுவதற்காக நான் திறந்து காட்டினால் அவர் வேலையை நானே பிரித்த மாதிரி ஆகும். என் விதி இதுதான்: வாங்கியவர் தானாக, தன் பெயரோடு, எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்துச் சம்மதித்தால் மட்டுமே புத்தகத்தில் வரும். "பெயர் போடாமல் எழுதலாமே" என்பார்கள். சின்ன வட்டத்தில் பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். பதினோரு பேரிடம் கேட்டேன், நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவர் முதலில் சரி என்று, அச்சுக்குப் போகும் முந்தின நாள் வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். அப்படி எடுப்பதற்கு நாள் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும். நோட்டின் ஒரு பக்கத்தை அச்சிட்டோம், பெயர்ப் பத்தியை முழுக்க மூடி. இடுப்பு 22, நீளம் 21 என்று எண்கள் மட்டும் வரிசையாக இறங்குகின்றன.

புள்ளி இருந்தது தெரியாதவர்களிடம் நான் போய்க் கேட்கவே இல்லை. "உங்கள் பெயருக்கு முன்னால் புள்ளி இருக்கிறது" என்று யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

குறையையும் கேளுங்கள்

பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, முதல் இரண்டு தடவை நல்லதாகவே பேசினார். மூன்றாவது தடவை ரெக்கார்டரை நிறுத்தச் சொன்னார். "எல்லாப் பிள்ளைக்கும் தெச்சாங்க. என் சட்டைக்குப் பட்டன் பிஞ்சா நானே தெச்சுக்குவேன். அம்மாகிட்ட குடுத்தா வரிசையில எனக்குக் கடைசி எடம்."

இதைப் புத்தகத்தில் போடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். கொடுக்கிறவர் வீட்டில் அந்தக் கொடைக்கு விலை கொடுக்கும் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவரைக் கேட்காமல் விட்டால் புத்தகம் பாதிதான். அக்காவே பிறகு அதை எழுதிக் கொடுத்தார், பேச்சில் இருந்ததைவிடக் காரமாக. வீட்டில் இருவர் எதிர்த்தார்கள். அக்கா சொன்னார், "எங்கம்மாவப் பத்தி நான் சொல்லக் கூடாதுன்னா வேற யாரு சொல்றது?" அப்படியே வந்தது.

என் பங்குக்கு நானும் ஒன்று எழுதினேன். என் சைக்கிளை என்னைக் கேட்காமலே யாருக்கோ கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது பதிமூன்று வயது. இன்னும் ஆறவில்லை.

எழுத்தும் அச்சும்

எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, அவரைப் பற்றிய பண்புச்சொற்களை எல்லாம் வட்டமிடுங்கள். வட்டத்தை அடித்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். எதுவும் மிஞ்சவில்லை என்றால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம். "இரக்கமுள்ள பெரியம்மா நாடா வைத்து மடித்தார்" என்பதில் இரக்கமுள்ள என்பதற்கு வேலை இல்லை. அனுப்பியவர்கள் வருத்தப்படுவார்கள், என்ன செய்வது, எல்லோர் பெயரையும் கடைசிப் பக்கத்தில் நன்றியோடு போட்டுவிடுங்கள்.

அவரவர் பேச்சை அவரவர் பேச்சாகவே விடுங்கள். நான் தொழில் புத்தியில் முதலில் எல்லாவற்றையும் செந்தமிழாக்கிவிட்டேன். பட்டன் தைத்த அம்மா, "இது நான் பேசுன மாதிரியே இல்லையே" என்றார். திரும்பவும் பழையபடி மாற்றினேன்.

கூட்டத்தில் வாசிக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். பிறந்தது, படித்தது, மணந்தது என்று வரிசையாகப் போகாதீர்கள். பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்; அழுகையில் கைபேசித் திரை தெரியாது. இன்னொருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும், உங்களால் முடியாமல் போனால் அவர் தொடர.

எழுத்துரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். யாராவது பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அடுத்த கணினியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, அச்சகத்துக்கு எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஒலிக்கோப்பு, ஸ்கேன், பிடிஎஃப் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, இரண்டு வேறுவகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு வீட்டில்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகமானால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். இது தெரிந்திருந்தும் கடைசி நேரத்தில் ஒருவர் விலகியதில் கணக்கு இடித்து, பின்னால் மூன்று பக்கம் வெற்றாக வந்துவிட்டது. பிழைதிருத்துபவள் போட்ட புத்தகத்தில் மூன்று வெற்றுப் பக்கம். எனக்கு மானம் போனது.

கொடுத்து இரண்டு மாதத்தில் ஐந்து பிரதிகள் திரும்பி வந்தன. அந்தப் பக்கங்களில் எழுதியிருந்தார்கள். ஒன்று பென்சிலில், ஒன்று பக்கத்தை நிரப்பி ஓரத்திலும் ஏறி. ஒன்றில் கையெழுத்து இல்லை, ஒரே வரி: "நாடா நீல நிறம்." ஐந்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த அச்சில் வெற்றுப் பக்கம் எட்டு விடுவதாக இருக்கிறேன்.